தராசு ஏந்திய கணிதப் பேராசிரியர்

நம் கல்லூரியில் கணிதத் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் நடுவே இருப்பது ஒரு தாழ்வாரம்தான். சில அடிகள் நடந்தால் அடுத்த துறை. எனினும் மூன்று ஆண்டுகள் இங்கே படித்துவிட்டு, அந்தச் சில அடிகளைப் பாடத்தின் பொருட்டு ஒருமுறையேனும் நடக்காமலே பட்டம் பெற்றுச் செல்பவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். வகைக்கெழுச் சமன்பாடு படிப்பவனுக்கு மௌரியர் எதற்கு? மௌரியர் ஆட்சியைப் படிப்பவனுக்குத் திட்ட விலக்கம் எதற்கு? இப்படிக் கேட்டே பழகிவிட்ட நமக்கு, ஒரு கணிதப் பேராசிரியர் தராசைக் கையில் எடுத்து, அதைக் கொண்டே பண்டைய இந்திய வரலாற்றின் மூடிய கதவொன்றைத் திறந்தார் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். அவர் பெயர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. வரலாற்று மாணவர்கள் அவரை வரலாற்றறிஞர் என்றே அறிவர். அவர் ஊதியம் பெற்றது கணிதம் கற்பித்ததற்கும் கணித ஆராய்ச்சிக்கும்தான் என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. கணித மாணவர்களாகிய நாமோ அவர் பெயரையே அதிகம் கேட்டதில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கவே இதை எழுதுகிறேன்.

1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், அப்போது போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில், கோஸ்பென் என்னும் சிற்றூரில் கோசாம்பி பிறந்தார். தந்தை தர்மானந்தர் ஒரு தனிப்பிறவி. புத்தரைப் பற்றி அறியும் வேட்கையால் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று, துறவியரிடம் பாலி மொழி கற்றவர். பின்னர்ப் பூனா நகரத்துப் பெர்குசன் கல்லூரியில் பாலி ஆசிரியராகப் பணியாற்றினார். பௌத்த நூல் ஒன்றைப் பதிப்பிக்கும் பணிக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைப் பலமுறை அழைத்துக்கொண்டது. 1918-இல் அவ்வாறு சென்றபோது மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பதினொரு வயதுச் சிறுவன் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பள்ளிகளில் படித்தான். இடையில் தாயகம் திரும்பி, மீண்டும் 1926-இல் சென்று ஹார்வர்டில் சேர்ந்து, 1929-இல் மிக உயர்ந்த சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த பிர்க்காஃப், கணிதத்தில் மட்டும் கருத்தைச் செலுத்துமாறு அறிவுரை கூறினார். இளைஞர் கேட்கவில்லை. மொழிகள் உட்படப் பல பாடங்களிலும் புகுந்து புறப்பட்டார். முனைவர் பட்டம் அவர் பெறவில்லை. இறுதிவரை பெறவே இல்லை.

நாடு திரும்பியவர் முதலில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். அதோடு ஜெர்மன் மொழியும் கற்பித்தார். 1931-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே கணிதத் துறைத் தலைவராக இருந்தவர், பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித அறிஞர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வெய்ல். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான். அதே துறையில் நம் விஜயராகவனும் இருந்தார். ஹார்டியிடம் பயின்று வந்தவர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய இராமானுஜன் கணித நிலையத்துக்கு இயக்குநரானவர். இப்படி மூவர் ஒரே துறையில் கூடியிருந்த காலம் நெடிது நீடிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அந்தக் காலத்து வேடிக்கை ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொறாமை கொண்ட சக ஆசிரியர் ஒருவருக்குப் பாடம் புகட்ட, வெய்லின் தூண்டுதலால் கோசாம்பி ஒரு கட்டுரை எழுதினார். அதில் போர்பாக்கி என்னும் ரஷ்யக் கணித அறிஞரின் தேற்றத்தை விரிவாக்கியிருப்பதாகச் சொன்னார். அப்படி ஓர் அறிஞர் பிறக்கவே இல்லை! பின்னர் வெய்லும் நண்பர்களும் பிரான்சில் கூடி, போர்பாக்கி என்ற அதே கற்பனைப் பெயரில் நூல் வரிசை எழுதிக் கணித உலகையே மாற்றியமைத்தனர். அச்சிட்ட கணிதக் கட்டுரை ஒன்றில் அந்தப் பெயர் முதன்முதலில் இடம்பெற்றது கோசாம்பியின் கைவண்ணத்தில்தான்.

1930-களின் தொடக்கத்தில் அவர் பூனாவுக்கு வந்து, தந்தை கற்பித்த அதே பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1945 வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அங்கேயே கற்பித்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பூனாவுக்கு அப்போது தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. பெர்குசன், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ஒரு கலைக் கல்லூரி. பட்ட வகுப்பு, பாடத்திட்டம், தேர்வு, விடைத்தாள் என்று நம் ஆசிரியப் பெருமக்களைப் போலவே அவரும் நாள் கழித்திருப்பார். கோசாம்பியின் பெயரை இன்றளவும் நிறுத்தியிருக்கும் கணித, புள்ளியியல் கண்டுபிடிப்புகளுள் பெரும்பகுதி அந்தக் கல்லூரி ஆண்டுகளில் விளைந்தவையே. பிற்காலத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் அமர்ந்திருந்த ஆண்டுகள் கணிதத்தில் அவ்வளவு விளைச்சல் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியராக அவர் எளியவர் அல்லர். கண்டிப்பும், அரைகுறை அறிவைப் பொறுக்காத இயல்பும், சுருக்கென்று தைக்கும் சொல்லும் அவரிடம் இருந்தன. ஆராய்ச்சியிலோ அவர் முதலில் நின்றது தூய கணிதத்தில். இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுதி ஒன்றை, ஒரு வெளியில் செல்லும் பாதைகளாகக் கண்டு, அந்த வெளியின் வடிவியலை ஆராய்ந்தார். 1933-இல் ஜெர்மன் இதழ் ஒன்றில் அவர் கட்டுரை வெளியானபோது, பிரெஞ்சு நாட்டு மேதை கார்த்தான் அதே பொருளில் எழுதிய குறிப்பும் அதனுடன் வெளியாயிற்று. பின்னர்ச் சீன அறிஞர் செர்ன் அதை மேலும் வளர்த்தார். கோசாம்பி–கார்த்தான்–செர்ன் கோட்பாடு என்று இன்று வழங்குவது அதுவே. 1934-இல் அவருக்கு இராமானுஜன் நினைவுப் பரிசும் கிடைத்தது.

அதே வழியில் சென்றிருந்தால் மதிப்புமிக்க வடிவியல் அறிஞராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் அவருக்குப் புள்ளியியல் கற்க வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. நூலைப் புரட்டிக் கற்பதைவிட, உண்மையான ஒரு சிக்கலை எடுத்துத் தீர்ப்பதே கற்கும் வழி என்று கருதினார். அப்படி அவர் தேர்ந்த சிக்கல்தான் முத்திரைக் காசுகள்.

இக்காசுகளைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி வடநாட்டில் வழங்கிய வெள்ளிக் காசுகள் இவை. தெற்கே நம் போடிநாயக்கனூரிலும் ஒரு புதையல் கிடைத்துள்ளது. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, மூலையை வெட்டி எடையைச் சரிசெய்து, முன்புறத்தில் ஐந்து முத்திரைகள் குத்துவார்கள். ஞாயிறு, சக்கரம், குன்று, விலங்கு என்று உருவங்கள் இருக்கும். எழுத்து ஒன்றுகூட இராது. அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. எடை மட்டும் திட்டமானது: 32 குன்றிமணி, அதாவது ஏறத்தாழ 3.4 கிராம். இந்த ஊமைக் காசுகளை வைத்துக்கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? நாணயவியலார் முத்திரை உருவங்களுக்குப் பொருள் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கற்பித்த பொருளை மற்றவர் மறுத்தார்.

கோசாம்பி உருவங்களை விட்டுவிட்டு எடையைப் பிடித்தார். காசு கைமாறும் ஒவ்வொரு முறையும் தேய்கிறது. ஒரு காசு எவ்வளவு தேயும் என்று யாராலும் கூற இயலாது. ஒன்று பெட்டியில் உறங்கும், ஒன்று சந்தைக்குச் சந்தை அலையும். ஆனால் ஒரே காலத்தில் அச்சான ஆயிரம் காசுகளை எடுத்துக்கொண்டால், அவற்றின் சராசரி எடை காலத்துக்கு ஏற்பச் சீராகக் குறைந்துகொண்டே போகும். அதே வேளையில் காசுக்குக் காசு எடை வேறுபாடு பெருகிக்கொண்டே போகும். இரண்டாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்யும் சராசரியும் திட்ட விலக்கமும் இங்கே கடிகாரத்தின் இரண்டு முட்களாகிவிடுகின்றன. புதையலாக மண்ணில் புதைந்த நாளில் அந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. எனவே ஒரே புதையலில் கிடைத்த காசுகளை முன்புற முத்திரைக் கூட்டங்களின்படி பிரித்து நிறுத்தால், சராசரி எடை குறைந்த கூட்டம் பழையது, மிகுந்த கூட்டம் புதியது என வரிசைப்படுத்தலாம்.

இது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? இங்கேதான் ஆசிரியரின் மூளை வேலை செய்கிறது. தம் காலத்தில் கடைத்தெருவில் வழங்கிய காசுகளையே அவர் ஆயிரக்கணக்கில் திரட்டினார். அவற்றில் அச்சிட்ட ஆண்டு பொறித்திருக்கும் அல்லவா? விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்து வழிமுறையைச் சரிபார்ப்பது போல, ஒவ்வொரு காசையும் நுண் தராசில் நிறுத்து, ஆண்டுவாரியாகச் சராசரி கண்டார். எதிர்பார்த்தபடியே எடை குறைந்தது, வேறுபாடு பெருகிற்று. அதன் பிறகே பழங்காசுகளுக்குச் சென்றார்.

தட்சசீலத்தில் மார்ஷல் அகழ்ந்தெடுத்த இரண்டு புதையல்கள் அவருக்குப் பெருந்துணையாயின. ஒன்றில் அலெக்சாந்தரின் காசுகள் தேயாத புத்தம் புதிய நிலையில் கிடைத்தன. மற்றொன்றில் டயோடோட்டஸ் என்ற கிரேக்க அரசனின் காசு கிடைத்தது. ஆகவே ஒன்று மௌரியருக்குச் சற்று முற்பட்டது, மற்றொன்று மௌரியர் காலத்தது என்று எடையைச் சாராத சான்று இருந்தது. முதற்புதையலின் காசுகளை நிறுத்தபோது அவர் கண்ட ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. அந்தக் காசுகளின் பின்புறத்தில் வேறு சிறு முத்திரைகள் சிதறிக் கிடக்கும். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் பத்துக்கும் மேல். அவை வெறும் அலங்காரம் என்றோ, கிறுக்கல் என்றோ விட்டுவிடலாம். கோசாம்பி அவற்றை எண்ணினார். பின்புற முத்திரைகள் கூடக்கூடச் சராசரி எடை ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கியது! ஆக, காசு புழக்கத்தில் இருந்தபோது சீரான கால இடைவெளிகளில் யாரோ அதைச் சோதித்து முத்திரை குத்தி வந்திருக்கிறார்கள். அது வணிகர்களின் வேலை என்பது அவர் முடிவு. இரண்டாம் புதையலின் மௌரியர் காலக் காசுகளிலோ செம்புக் கலப்பு மிகுதி. எடையும் முன்போல் கட்டுப்பாடாக இல்லை. பெரும்படையும் பெரும் ஆட்சியும் நடத்திய அரசின் கருவூலம் திணறியதை அதில் அவர் கண்டார். எழுத்தில்லாத காசு, ஒரு பேரரசின் வரவுசெலவைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நாணயவியலார் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. புதையலில் துரு ஏறிய காசு, சுத்தம் செய்தபோது எடை இழந்த காசு என்று அவர்கள் எழுப்பிய தடைகளில் சில நியாயமானவையே. ஆயினும், கருத்து மோதலாக இருந்ததை அளவீடாக மாற்றியவர் அவர் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

அங்கிருந்து அவரால் திரும்பி வர முடியவில்லை. காசுகளை வரிசைப்படுத்தியாயிற்று, அவற்றை அச்சிட்ட அரசர்கள் யார்? அதற்குப் புராணங்களையும் பௌத்த, சமண நூல்களையும் பார்க்க வேண்டும். அந்த நூல்களின் ஏட்டுப் படிகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எது மூல பாடம் என்று காண வேண்டும். வடமொழியில் ஆழ இறங்கினார். பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் பாடல்களை, நானூறுக்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையிலான சுவடிகளை ஒப்பிட்டு, 1948-இல் திருத்தமான பதிப்பாக வெளியிட்டார். தென்னாட்டுச் சுவடிகளின் பாட மரபைத் தனியே ஆராய்ந்ததும் இப்பணியின் ஒரு பகுதி. நம்மவர்களில் ஏடு தேடி அலைந்த உ.வே.சா. அவர்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இது எத்தகைய வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. அதைச் செய்தவர் கணிதம் கற்பித்துக்கொண்டே செய்தார்.

இதற்கிடையே மரபியலில் அவர் செய்தது நான்கு பக்கக் கட்டுரை ஒன்றுதான். ஆனால் உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படும் அவருடைய எழுத்து அதுவாகத்தான் இருக்கும். ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு ஜீன்கள் தலைமுறை மாறும்போது பிரிந்து சேரும் விழுக்காட்டைக் கொண்டு அவற்றுக்கிடையே உள்ள தொலைவைக் கணிப்பார்கள். நெருங்கியிருந்தால் விழுக்காடே தொலைவு. தொலைவு கூடும்போது நடுவில் இரண்டு முறை பிரிவு நேர்ந்து, ஒன்றை ஒன்று மறைத்துவிடும். இதற்கு ஹால்டேன் 1919-இல் ஒரு வாய்பாடு தந்தார். ஆனால் ஓரிடத்தில் பிரிவு நேர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று நேர்வது தடைப்படுகிறது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. 1944-இல் கோசாம்பி அந்தத் தடையையும் சேர்த்தார். பிரிவு விகிதம் r என்ற இடத்தில் 'வி' என்று வைத்துக்கொண்டால், 1 + 2வி என்பதை 1 – 2வி என்பதால் வகுத்து, வரும் ஈவின் இயற்கை மடக்கையில் நான்கில் ஒரு பங்கு எடுத்தால் அதுவே தொலைவு. விகிதம் 0.30 என்றால் ஈவு 4. அதன் மடக்கை 1.386, நான்கில் ஒரு பங்கு 0.347. ஹால்டேன் வாய்பாட்டில் இதே தொலைவு 0.458 என்று மிகையாக வரும். மடக்கை அட்டவணை வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். பயிர்களின் மரபணு வரைபடம் வரைவோர் இன்றும் கணினியில் ஹால்டேன், கோசாம்பி ஆகிய இரண்டு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மற்றொரு கட்டுரைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1943-இல் இந்தியக் கணிதக் கழக இதழில், சார்புகளாலான வெளியில் புள்ளியியலை எப்படி நடத்துவது என்று எழுதினார். தற்செயலாக ஏறி இறங்கும் ஒரு வளைவரையை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற கூறுகளின் தொடராகப் பிரிக்கும் முறை அதில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பின்லாந்தின் கார்ஹுனெனும் பிரான்சில் பயின்ற லோவேயும் தனித்தனியே இதைக் கண்டனர். முறைக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், இந்திய இதழில் வந்த கட்டுரையை யார் படித்திருக்கக் கூடும்?

1945-இல் பெர்குசன் கல்லூரியை விட்டு, ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, புதிதாகத் தோன்றிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வீடு பூனாவில், வேலை பம்பாயில். டெக்கான் குயின் ரயிலில் போய்வந்தார். படிப்பும் எழுத்தும் அந்த ரயிலிலேயே நடந்தன. 1948–49-இல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று கணிப்பொறிகளைப் பற்றி அறிந்துவந்தார். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனையும் சந்தித்தார்.

விடுமுறை நாள்களில் பூனாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடப்பார். காலடியில் கிடக்கும் சிறு கற்கருவிகளைப் பொறுக்குவார். ஊர் எல்லையில் செந்தூரம் பூசிய அம்மன் கல் எந்த இடத்தில் நிற்கிறது, அந்த வழியாக யார் யார் போவார்கள் என்று இடையர்களிடம் கேட்பார். பண்டரிபுரம் செல்லும் யாத்திரை வழிகள் கற்கால மனிதர் நடந்த தடங்களையே தொடர்கின்றன என்பது அவர் முடிவு. கார்லே, பாஜே பௌத்தக் குகைகள் ஏன் அந்த இடங்களில் உள்ளன என்ற கேள்விக்கு, கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து மலையேறி வரும் வணிகப் பாதையைக் காட்டினார். இந்த நடையெல்லாம் 1956-இல் வெளியான இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம் என்னும் ஆங்கில நூலில் சேர்ந்தது. எந்த அரசன் ஆண்டான் என்பதைவிட, மக்கள் கலப்பை கொண்டு உழுதார்களா, உபரி விளைச்சல் யாரிடம் போயிற்று என்பதையே அது கேட்டது. மார்க்சின் முறையை அவர் வெளிப்படையாகவே கையாண்டார். ஆனால் ஐரோப்பாவில் கண்ட அடிமைச் சமுதாயக் கட்டம் இந்தியாவில் அப்படியே இருந்தது என்று சொல்ல மறுத்தார். அதனால் இரு தரப்பிலும் அவருக்கு எதிரிகள் இருந்தனர். அவருடைய முடிவுகளில் சிலவற்றைப் பின்வந்த ஆய்வுகள் மாற்றியிருக்கலாம். கேள்விகளை மாற்ற முடியவில்லை.

இனி அவர் வழுக்கிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். கணிதத்தின் மிகக் கடினமான புதிர்களுள் ஒன்று ரீமான் கருதுகோள்; பகா எண்கள் பரவியிருக்கும் முறையைப் பற்றியது. காசுகளில் வென்றவர் பகா எண்களையும் நிகழ்தகவால் பிடித்துவிடலாம் என்று நம்பினார். 1959-இல் வேளாண்மைப் புள்ளியியல் கழக இதழில் ஒரு நிறுவலை வெளியிட்டார். எண் கணிதம் அறிந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சிக்கல் எங்கே என்பது நமக்கும் விளங்கக்கூடியதே. தற்செயலாக அமையும் வரிசைகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒரு பண்பு உண்டு என்று நிகழ்தகவு நிறுவலாம். பகா எண்களோ தற்செயலானவை அல்ல. அவை மாற்றமுடியாத ஒரே ஒரு வரிசை. அந்த ஒன்று விதிவிலக்காக இருக்காது என்று எப்படிச் சொல்வது? ஆயிரம் காசுகளின் சராசரி பேசும். தனி ஒரு காசு பேசாது என்று நமக்குக் கற்பித்தவரே அவர்தாம். வேலிகளைத் தாண்டும் துணிவு அவருக்கு எல்லாவற்றையும் தந்தது. அதே துணிவு, அவரது சொந்தத் துறையில் அவரை ஏளனத்துக்கு ஆளாக்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

பாபாவோடு கருத்து வேறுபாடும் வளர்ந்திருந்தது. ஏழை நாட்டுக்கு அணுமின்சாரத்தைவிடக் கதிரவன் ஆற்றலே ஏற்றது என்று கோசாம்பி மேடைகளில் பேசிவந்தார். உலக அமைதி இயக்கத்திலும் ஈடுபட்டிருந்தார். அணுசக்தித் திட்டத்தின் தலைவர் நடத்தும் நிலையத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசினால் என்ன நடக்கும்? 1962-இல் அவரது பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஐம்பத்தைந்து வயது. அதன்பின் வந்த கணிதக் கட்டுரைகள் சிலவற்றை டுக்ரே என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

ஆனால் அந்த ஆண்டில்தான் அவரது புராணங்களும் உண்மையும் பற்றிய கட்டுரைத் தொகுதி வந்தது. 1965-இல் பண்டைய இந்தியப் பண்பாடும் நாகரிகமும் பற்றிய நூல் வந்தது. 1964-இல் மைய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றம் அவரைத் தகைசால் அறிவியலாளராக ஏற்றுப் பூனாவிலேயே பணிபுரியச் செய்தது. 1966 ஜூன் 29 அன்று, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. ஐம்பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம் இருந்தது.

1980-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழியாக ஹரி ஓம் ஆசிரம விருது, மறைந்தவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. நூற்றாண்டையொட்டி 2008-இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. வரலாற்று நூல்கள் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருக்க, அவருடைய கணிதக் கட்டுரைகள் பழைய இதழ்களில் சிதறியே கிடந்தன. அவற்றுள் தேர்ந்தெடுத்தவற்றைத் திரட்டிய தொகுதி 2016-இல், அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபோது, வெளிவந்தது. 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையும், மரபியலின் அந்த நான்கு பக்கங்களும் அதில் உள்ளன.